எங்க ஊர் அருவிக்குப் பேர் கோடி

மயிலம் முருகனைப் பார்க்க வரும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள், மலை இறங்கியதும் ஒரு கேள்வி கேட்பார்கள். "பக்கத்துல குளிக்கிற மாதிரி அருவி எதுனா இருக்குதா?" இல்லை. நம்முடையது கொல்லையும் கழனியுமான பூமி. பழைய விழுப்புரம் மாவட்டத்துக்கென்று இருந்த மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் கல்வராயன் மலையோடு சேர்ந்து 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டன.

ஆனால் நமக்கும் ஓர் அருவி உண்டு. அதற்குப் பேர் கோடி. ஏரி ரொம்பி, கரையின் ஓரத்தில் கல் கட்டி விட்டிருக்கிற தாழ்வான இடத்தில் தண்ணி வழிந்து விழுவதைத்தான் "ஏரி கோடி போவுது" என்கிறோம். தெற்கே இதைக் கலிங்கு என்பார்கள். அரசாங்கத் தாளில் கலங்கல் என்று இருக்கும். கோடி போகிற அன்றைக்கு ஊரே அங்கேதான் நிற்கும். பசங்க குளிப்பார்கள், ஒருத்தர் கூடை வைத்து மீன் பிடிப்பார், யாராவது ஒரு பெரியம்மா கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்.

அதேபோல பழைய ஆலை என்றால் நமக்குச் செக்கு. ஆற்றுத் தண்ணியில் சுற்றுகிற மாவு ஆலை இமயமலைப் பக்கம் உண்டு, உத்தராகண்டில் அதை கராட் என்கிறார்கள். நம் பக்கத்தில் தண்ணி கழனிக்குப் போனது, மாடு செக்கைச் சுற்றியது.

இந்தக் கோடியையும் செக்கையும் ஊர் ஊராக நடந்து பார்த்து, குறித்து, வரைபடமாக்க வேண்டும். அரசோ பல்கலைக்கழகமோ வந்து செய்யட்டும் என்று காத்திருக்காமல் உழவர்களாகிய நாமே செய்ய வேண்டும். இது என் கருத்து. ஏன் என்பதை என் கழனியிலிருந்தே சொல்கிறேன்.

ஒரே ராத்திரியில் தெரிந்தது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நம் தலைமேலேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய பாதி. வீடூர் அணையிலிருந்து திறந்த தண்ணியில் சங்கராபரணி இரு கரையும் தொட்டு ஓடியது.

எங்க கழனியில் கிச்சிலிச் சம்பா கதிர் வாங்குகிற நேரம். விடிந்து போய்ப் பார்த்தால் கழனி நடுவே ஓர் ஆறு. ஏரிக்கரை உடையவில்லை, எனக்குத் தெரிந்த கோடியும் எங்க கழனிக்கு நேராக இல்லை. பிறகு இந்தத் தண்ணி எந்த வழியாக வந்தது? ஆறு நாள் தண்ணி நின்று பயிர் அழுகிய பிறகும் எனக்கு அது விளங்கவில்லை.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஊர்ப் பழைய கணக்கைத் தேடினோம். அதில் எங்க ஏரிக்கு இரண்டு கோடி என்று இருந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டால் அறுபது வயசுக்காரர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயாதான் சொன்னார்.

"செக்குக்கு அந்தாண்டதான்பா சின்ன கோடி. செக்கு மாட்ட அங்கதான ஓட்டினு போயி கழுவுவோம்."

செக்கு எங்கே இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆயா கைகாட்டிய பக்கம் ஒரே வேலிக்காத்தான். அரிவாளோடு உள்ளே போய்ப் பாதி நாள் வெட்டினோம். முதலில் மண்ணில் பாதி புதைந்த கல்செக்கு தெரிந்தது. அதிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி, மண் போட்டு மேவி மேலே வண்டிப்பாதை போட்ட சின்ன கோடியின் கல்வரிசை. அங்கிருந்து கீழே இறங்குகிற வாய்க்காலின் தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அது நேராக எங்க கழனிக்குள் போனது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தக் கோடி வாய்க்காலின் ஒரு துண்டு எங்க வரப்புக்குள் இருக்கிறது. எங்க அப்பா காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உழுது சேர்த்தது. எங்க மேல்கழனிக்காரரும் கீழ்கழனிக்காரரும் அப்படியே. ஒருத்தரும் திருடனில்லை. மழை இல்லாத வருசங்களில், தண்ணி வராத வாய்க்காலை ஆளுக்கு இரண்டு சால் உள்ளே தள்ளி உழுதோம். முப்பது வருசத்தில் வாய்க்கால் காணாமல் போனது. ஃபெஞ்சல் அன்றைக்குப் பெரிய கோடியால் தாங்க முடியாத தண்ணி, மூடிக் கிடந்த சின்ன கோடி மேலேறித் தன் பழைய வழியிலேயே வந்தது. வழியில் என் நெல் நின்றது.

ஆயாவிடம் நாங்கள் உட்கார்ந்து கேட்டது இரண்டு மத்தியானம். செக்கு யாருடையது, எத்தனை வீட்டுக்கு ஆட்டினார்கள், பெரிய கோடி கடைசியாக எந்த வருசம் போனது என்று எழுதினோம். மேல் ஏரியிலிருந்து எங்க ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலைப் பற்றி அடுத்த முறை கேட்கலாம் என்று வைத்திருந்தோம். அடுத்த முறைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் காலமானார். அந்த வாய்க்கால் எப்படி வந்தது என்று சொல்ல இப்போது ஊரில் ஆள் இல்லை.

செக்கோடு கூடப் போனவை

கோடி சரி, செக்கு எதுக்கு என்று சிலர் கேட்கலாம். செக்கு எங்களுக்கு அடையாளக் கல்லாக உதவியது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் உண்டு.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஊர். இங்குள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 நிலக்கடலை இந்தியா முழுக்கப் போனது. அந்த டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தின் பேர்தான். அப்படிப்பட்ட பூமியில் இன்றைக்கு நாம் மல்லாட்டை போடுகிறோம், பிடுங்குகிறோம், காயவைத்து மூட்டை கட்டிக் கமிட்டிக்கு ஏற்றிவிடுகிறோம். திரும்பி வரும்போது கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்கிவருகிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 100 கிலோ மல்லாட்டைப் பருப்பை ஆட்டினால் ஏறத்தாழ 40 கிலோ எண்ணெய், 55 கிலோவுக்குக் குறையாமல் பிண்ணாக்கு. கடலைப் பிண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து. அப்படியானால் 55 கிலோ பிண்ணாக்கில் கிட்டத்தட்ட 4 கிலோ தழைச்சத்து. ஊரில் செக்கு இருந்தவரைக்கும் அது ஊரிலேயே தங்கியது. எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணமும் மூத்திரமும் கழனிக்கு. செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெயும் கொஞ்சம் மிஞ்சும். கரைப்பான் ஊற்றி எண்ணெய் உறிஞ்சுகிற பெரிய ஆலைகளின் பிண்ணாக்கில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் தங்கும்.

செக்கு நின்றதும் பிண்ணாக்கு விலைக்கு வாங்குகிற பொருளானது. பிண்ணாக்கு விலை ஏறியதும் மாடு பாரமானது. மாடு போனதும் மூட்டை உரம் வந்தது. எல்லாவற்றுக்கும் செக்கு ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இயற்கை வேளாண்மைக்குத் திரும்புகிறவர்கள் மாட்டையும் மண்ணையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அவை இரண்டையும் இணைத்த செக்கைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த ஊரில் எத்தனை செக்கு ஓடியது, எத்தனை குடும்பத்துக்கு ஒரு செக்கு போதுமானதாக இருந்தது என்பது பழங்கதை இல்லை. நாளைக்கு ஓர் ஊரில் செக்கு வைக்க நினைக்கிறவருக்கு அதுதான் முதல் கணக்கு.

எழுதி வைத்தவர்கள் யாருக்காக எழுதினார்கள்

பதிவு செய்வது நமக்குப் புதுசு இல்லை. நம்முடைய ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினமும் ஆமூரும் கிடங்கிலும் வருகின்றன. அந்தக் கிடங்கில்தான் இன்றைய திண்டிவனத்துக் கிடங்கல். ஒரு பாணர் இன்னொரு பாணருக்கு வழி சொல்லுகிற பாட்டு அது. வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வைத்திருந்தவர்கள் நாம்.

நமக்கு வடக்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். கல்செக்குகளிலும் எழுத்து உண்டு. செக்கைச் செய்து கொடுத்தவர் பேரை உரலிலேயே வெட்டி வைத்திருப்பதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கல்வெட்டு ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். செக்கு வைத்துக் கொடுப்பது கிணறு வெட்டிக் கொடுப்பதுபோல ஒரு தருமமாக இருந்திருக்கிறது.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். நிலம் எவ்வளவு, ஏரி எத்தனை, யார் யார் என்ன தொழில், விளைச்சலில் கோயிலுக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் எவ்வளவு பங்கு என்று ஊர்வாரியாக எழுதிய கணக்கு அது. நம் இயக்கத்தார் மதிக்கிற தரம்பால், ஆவணக் காப்பகத்தில் கிடந்த இந்தக் கணக்கைத் தேடியெடுத்து வெளியே கொண்டுவந்தார். இங்கிலாந்திலும் 1086இல் அரசன் எடுத்த கணக்கில் சுமார் 6,000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் தண்ணியில் ஓடியவை.

பர்னார்டு கணக்கும் இங்கிலாந்துக் கணக்கும் வரிக்காக எடுத்தவை. ஆனாலும் எழுதி வைத்ததால் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டன. எழுதாதவை போய்விட்டன.

நம் பக்கத்துத் திருவக்கரையைப் பாருங்கள். சங்கராபரணிக் கரையில் கிடக்கும் கல்மரங்களைப் பற்றி 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைப் பூங்காவாக்கியது. இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரத்துக்கு வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது. மகிழ்ச்சிதான். ஐம்பது வருசத்துக்கு முன்பு வரை நம் பாட்டி எண்ணெய் ஆட்டிய செக்குக்கு ஒரு வரிப் பதிவுகூட இல்லை.

அரசு எண்ணவில்லையா என்றால், எண்ணியது. 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 1,06,957 நீர்நிலைகள், அவற்றில் ஆக்கிரமிப்புக்கு ஆளானவை 8,366 என்று இருக்கிறது. ஓர் ஏரியை ஒன்று என்று எண்ணிவிடலாம். அதற்கு இரண்டு கோடி இருந்ததும், ஒன்று வண்டிப்பாதைக்குக் கீழே போனதும் எண்ணிக்கையில் வராது. அதற்கு ஊர்க்காரர் வேண்டும்.

"கூகுள் மேப்ல பாத்துக்கலாமே"

இதைப் பேச ஆரம்பித்தபோது எனக்கு மூன்று பதில்கள் வந்தன.

முதல் பதில் இளைஞர்களிடமிருந்து. "எல்லாம் செல்போன் மேப்ல இருக்குது." ஏரி இருக்கிறது. வறண்ட வாய்க்கால் இல்லை. வேலிக்காத்தானுக்குள் கிடக்கிற செக்கு இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் பச்சையாகத் தெரிவது கோரையா, நெல்லா, முள்ளா என்று நடந்து போனவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது பதில், "பழச நோண்டி என்ன ஆவப்போவுது?" இவர்களுக்கு நெல் ஜெயராமனை நினைவுபடுத்துவேன். 174 பாரம்பரிய நெல் வகைகளை அவர் தேடிச் சேர்த்தார். "பழைய நெல்லு எதுக்கு" என்று அப்போதும் கேட்டவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு மாப்பிள்ளைச் சம்பா சாப்பிடுகிறவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். விதையைத் தேடி ஊர் ஊராகப் போன நாம், அந்த விதைக்குத் தண்ணி வந்த வழியைத் தேடிப் போகவில்லை.

மூன்றாவது பதில்தான் கனமானது. எங்க ஊர் காலனியிலிருந்து ஓர் அண்ணன் கேட்டார். "அந்தக் காலத்துல தண்ணிய தொறந்து உட்டது எங்க தாத்தா. மடை மண்ண வாரிப் போட்டது எங்க தாத்தா. கழனி இருந்தது உங்களுக்கு. இப்ப அந்தக் காலத்த எழுதப்போறேன்றீங்க, யாரு பேர எழுதுவீங்க?"

அவர் கேட்டது நியாயம். நீர்க்கட்டி வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள். எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், கோடியில் எத்தனை கல் மறையத் தண்ணி போனால் கீழ் ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடம் இருந்த அறிவு. அதற்குக் கிடைத்த கூலி சில மரக்கால் நெல். குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசுகிறோம். 1858இல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டத்துக்குப் பேரே கட்டாய உழைப்புச் சட்டம். அந்த உழைப்பு யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். செக்கு ஆட்டியவர்கள், கல் கொத்தியவர்கள், மடை திறந்தவர்கள் பேர் இல்லாத வரைபடம் வேண்டாம். அந்த அண்ணன் இப்போது எங்களோடு நடக்கிறார். சின்ன கோடியில் எத்தனை கல் இருக்க வேண்டும் என்று அவர் அப்பா சொல்லிவைத்ததைச் சொன்னவரும் அவர்தான்.

எப்படிச் செய்வது

நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஐந்தாறு பேர் போதும். அதில் எழுபது தாண்டிய ஒருவர், மாடு மேய்க்கும் ஒருவர், நீர்க்கட்டிக் குடும்பத்து ஒருவர், ஒரு பெண், ஒரு பள்ளிப் பிள்ளை கட்டாயம் இருக்கட்டும். ஏரிக்குள் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று மாடு மேய்க்கிறவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

2. முதலில் தாளைப் பாருங்கள். கிராம வரைபடம், அ-பதிவேடு, புலப்படம் மூன்றும் வேண்டும். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் புலப்படமும் அ-பதிவேட்டு விவரமும் கிடைக்கின்றன. ஏரி, தாங்கல், குட்டை, ஓடை, வாய்க்கால் என்று புறம்போக்காகக் குறித்த புல எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறையிடமும், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். யாரிடம் கேட்பது என்று அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

3. இரண்டு முறை நடங்கள். பங்குனியில் ஏரி காய்ந்திருக்கும்போது ஒரு நடை. அப்போதுதான் கோடியின் அடிக்கல்லும் மதகின் வாயும் தெரியும். கார்த்திகையில் கோடி போகும்போது இன்னொரு நடை. அப்போதுதான் தண்ணி நிஜமாக எங்கே போகிறது என்று தெரியும்.

4. உங்கள் ஊர் எல்லையோடு நிற்காதீர்கள். மேல் ஏரியின் கோடிதான் கீழ் ஏரியின் வரத்து. சங்கிலி மாதிரி ஒன்றுக்கொன்று கோத்திருக்கிறது. நம் பக்கத்தில் சில ஏரிகளின் தண்ணி சங்கராபரணியில் சேர்ந்து புதுச்சேரிப் பக்கம் கடலுக்குப் போகிறது. கிழக்கே சில ஏரிகளின் தண்ணி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிக்குப் போகிறது. உங்கள் கோடித் தண்ணி எங்கே முடிகிறது என்று தெரியும்வரை அடுத்தடுத்த ஊர் நண்பர்களிடம் நோட்டைக் கைமாற்றுங்கள்.

5. கோடியில் குறிக்க வேண்டியவை: நீளம், உயரம், எத்தனை கல், உடைப்பு எங்கே, கடைசியாக எந்த ஆண்டு போனது, கீழே வாய்க்காலின் அகலம் தாளில் எவ்வளவு, தரையில் எவ்வளவு.

6. செக்கில் குறிக்க வேண்டியவை: கல்லா மரமா, உரலின் வாய் அகலம், எந்த எண்ணெய், யார் ஆட்டினார்கள், எந்த வருசம் நின்றது, ஏன். மரச்செக்கு மக்கிப்போயிருக்கும், ஆனால் இடத்தின் பேர் நிற்கும். செக்கடி, செக்குமேடு என்று பேர் இருந்தால் அதையும் குறியுங்கள். கல்செக்கில் எழுத்து தெரிந்தால் சுண்ணாம்போ பெயின்டோ பூசாதீர்கள், சுரண்டாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் எழுத்து நன்றாகத் தெரியும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். விடுதி வாசலில் அழகுக்கு வைக்கப் பழைய உரலையும் செக்கையும் விலைபேசிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். ஊர் அறிந்த செக்கை எளிதில் தூக்க முடியாது.

7. வரைபடத்தை முதலில் கோலமாவில் தெருவில் வரையுங்கள். எல்லோரும் சுற்றி நின்று திருத்துவார்கள். "வாய்க்கா அங்க இல்லடா, இந்தாண்ட வளையும்" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு தாளுக்கு, பிறகு செல்போனுக்கு. யார் வேண்டுமானாலும் சேர்க்கக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற இலவச வரைபடங்களில் ஏற்றிவிட்டால் ஒரு நோட்டு தொலைந்தாலும் பதிவு நிற்கும்.

8. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானமாக்குங்கள். ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. ஏரியை அளந்து எல்லை குறிக்க அதில் வழி உண்டு. ஊர் கையில் வரைபடம் இருந்தால் அளக்க வருகிறவருக்கும் வேலை எளிது.

சுற்றினால்தான் நிற்கும்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பதிவு செய்ததோடு விட்டால் நாம் அருங்காட்சியகம் வைத்தவர்கள் ஆவோம்.

நெதர்லாந்தில் ஆயிரத்துக்கு மேல் பழைய காற்றாலைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்துப் பூட்டிவைக்கவில்லை. ஆலை ஓட்டும் வேலையைத் தன்னார்வலர்களுக்குக் கற்றுக்கொடுத்து ஓட்டுகிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஆலை நாள் கொண்டாடுகிறார்கள். 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது ஆலை ஓட்டும் அந்தக் கைத்தொழிலை. ஓடாத மர ஆலை உளுத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் பெரியவர்களுக்கும் தெரியும். ஆட்டாமல் விட்ட செக்கு வெயிலில் வெடித்துவிடும்.

ஆகவே வரைபடத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு முடிவுகள் எழுதுங்கள். எந்த ஒரு கோடி வாய்க்காலை இந்த ஆண்டு திறக்கப்போகிறோம்? எத்தனை குடும்பம் சேர்ந்தால் ஊரில் ஒரு செக்கு ஓடும்? மாடு கட்டினாலும் சரி, மோட்டார் போட்ட மரச்செக்கானாலும் சரி. மல்லாட்டையில் ஒரு பங்கை ஊரிலேயே ஆட்டி, பிண்ணாக்கை ஊர் மாட்டுக்கே விட்டால் போதும்.

எங்க ஊர் விஷயம் எங்கே நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சின்ன கோடிமேல் இருக்கும் வண்டிப்பாதைக்குக் கீழே குழாய் பதித்துத் தண்ணி போக வழி விட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறோம். வேலை இன்னும் தொடங்கவில்லை. எங்க கழனிக்குள் இருந்த வாய்க்காலை நான் விட்டுவிட்டேன். அளந்து பார்த்ததில் எட்டு சென்ட் போனது. வீட்டில் பெரிய சண்டை. "மத்தவங்க உடாதப்ப நீ மட்டும் ஏன் உடற?" என்று அம்மா கேட்டார். மேல்கழனிக்காரர் இன்னும் விடவில்லை. கீழ்கழனிக்காரர் ஒரு மழை போகட்டும், பார்ப்போம் என்கிறார்.

அந்த மழையும் வரும். அதற்குள் மயிலம், திண்டிவனம், வானூர், செஞ்சிப் பக்கத்து நண்பர்கள் பங்குனியில் ஒரு நாள் ஒதுக்கி அவரவர் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். போகும்போது ஊரிலேயே வயதான ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவர் என்றால் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள். நாங்கள் செய்த மாதிரி அடுத்த முறை கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.